வெள்ளி பூசின சம்மனசு

வால்டர் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர். ராயபுரம் அக்கரைத் தெருவில் அவர் வீட்டுக்கு வழி கேட்டால், "ஆடிட்டர் வால்டரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கோட்டு போட்ட ஆடிட்டர் இல்லை. அந்தத் தெருவில் ஒரு நன்மரண சபை இருந்தது. அங்கத்தினர் வீட்டில் சாவு விழுந்தால் சவ வண்டி, மெழுகுவர்த்தித் தண்டு, கறுப்புத் துணி எல்லாம் சபை கொடுக்கும். சாமான் ஒழுங்காக இருக்கிறதா, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி கொடுத்தார்களா என்று பார்க்க, வருஷா வருஷம் ஒருத்தரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் கண்டதை ஆன்மாக்கள் மாதமான நவம்பரில் நடக்கும் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாருக்கும் ஒன்றாகச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் சபை அதிகாரிகள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை, வழக்கம்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஜூனில், இராயப்பர் திருநாளில் வால்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். செப்டம்பரில் ஆரோக்கிய மாதா திருநாள் கழிந்து சபைச் செயலாளர் ஜார்ஜ், தன் மகன் லியோனார்டுக்கு வால்டரின் மகள் ரோசியைக் கேட்டு வந்தார். நல்ல பையன், ரயில்வே வேலை. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். பாக்கு வெற்றிலை மாற்ற ஜார்ஜ் வீட்டுக்குப் போன அன்று வால்டர் முன்னால் காபி வைத்தார்கள். டம்ளரைக் கையில் எடுத்தார். சபை வேறு, சம்பந்தம் வேறு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு குடித்துவிட்டார்.

நவம்பரில் ஒருநாள் காலை சவ வண்டியைப் பார்க்கப் போனார். போன மாதம் சபை அங்கத்தினர் ஞானம் இறந்தபோது, வண்டி அச்சு உடைந்துவிட்டது என்று ஜார்ஜ் சொல்லிவிட்டார். சுள்ளென்ற வெயிலில் அவரைத் தோளில்தான் கொண்டு போனார்கள். இப்போது வால்டர் மண்டியிட்டு அடியில் பார்த்தார். அச்சில் பழைய மசகு கல்லாக இறுகிக் கிடந்தது. ஒருவரும் கழற்றிப் பழுது பார்த்த மாதிரி தெரியவில்லை. எழுந்தபோது வண்டி முகப்பில் நிற்கிற மரச் சம்மனசு, அந்தத் தேவதூதர் சிலை, கண்ணில் பட்டது. அதன் இறக்கை மடிப்புகளில் வெள்ளிப் பூச்சு மினுங்கியது. யாரோ கழுவியிருக்கிறார்கள், மடிப்பில் மட்டும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி டோரதியிடம் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள்.

"அதுவா? எண்ணூர் கடலோரம் ஷூட்டிங்குக்கு பூசினாங்க. சம்மந்தி வூட்டுக்காரங்க என்னையும் ரோசியையும் கூட்டிகினு போனாங்களே. செத்தவன் வேசம் கட்டினவன் அந்த வண்டில படுத்துகினு மூக்கை சொறியறான்! வேடிக்கை பாக்க வந்த சனமெல்லாம் சிரிப்பு."

"என்னிக்கு?"

"அதான், போன மாசம் சனிக்கெயம. நீ டூட்டிக்குப் போயிருந்த. நாங்க வந்தப்பறம்தான் ஞானம் அண்ணனைத் தோள்ல எடுத்துகினு போன சேதி..."

உள்ளேயிருந்து ரோசி வந்தாள். "அன்னிக்கா நைனா? நாங்க கைதட்டிகினு நின்னோமே."

சாயங்காலம் ஜார்ஜ் வந்தார். வால்டர் சுற்றி வளைக்காமல் கேட்டார், ஜார்ஜும் மறைக்கவில்லை.

"கேட்டாங்க, குடுத்தேன். ஒரு நாளைக்குத்தானே? அன்னிக்குன்னு பாத்து ஞானம் போயிடுவாருன்னு எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்? வண்டி சினிமாவுக்குப் போயிருக்குன்னு சாவு வூட்ல எப்படிச் சொல்றது? அச்சுன்னு வாய்ல வந்துச்சு. தோ, உன்கிட்ட சொல்லிட்டேன். அதோட வுடு."

"என்கிட்ட சொன்னா சபைக்கு சொன்ன மாதிரியா ஜார்ஜு?"

"நீ சபையா, சம்மந்தியா? மொதல்ல அதைச் சொல்லு." ஜார்ஜ் செருப்பை மாட்டினார். "எய்ந்து நின்னு என் மானத்தை வாங்கினா, கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க மாட்டாங்க. ஆமா."

அன்று ஜெபமாலை சொல்லும்போது வால்டருக்கு மணி எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. ஜார்ஜ் மிரட்டிவிட்டுப் போனது ஒரு பக்கம். ஆனால் அவர் கேட்ட கேள்விதான் உள்ளே தைத்தது. அந்தக் காபியைக் குடித்த நாளிலேயே வந்திருக்க வேண்டிய கேள்வி அது.

மறுநாள் வண்ணாரப்பேட்டைக்குப் போய், வண்டி வேலை செய்கிற ரஷீதைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்.

"நான் பள்ளிவாசல் ஆளு. உங்க சபைல எனக்கு இன்னா வேலை?"

"அதுக்குத்தான் கூப்பிடறேன் பாய். எனக்கு அங்க சம்மந்தம் கீது. உனக்கு அங்க யாரும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை, வண்டிக் கொட்டகை வாசலில் கூட்டம். வால்டர் எழுந்து நின்றார். முதலில் தன்னைப் பற்றித்தான் சொன்னார். செயலாளர் வீட்டுக்குத் தன் மகளைக் கொடுக்கப் போவது, அந்த வீட்டில் காபி குடித்தது, ஞானத்தை எடுத்த அன்று சவ வண்டி ஷூட்டிங்கில் நின்றதைத் தன் வீட்டுப் பெண்கள் பார்த்தது, ஒன்றையும் விடவில்லை.

"காபி குடிச்ச அன்னிக்கே உங்ககிட்ட சொல்லி நான் விலகியிருக்கணும். அதனால என் வார்த்தையை வெச்சு நீங்க முடிவு பண்ணாதீங்க. ரஷீத் பாய் பாத்து சொல்லட்டும்."

ரஷீது வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இந்த அச்சு உடைஞ்சதே இல்ல. இன்னும் பத்து வருசம் ஓடும்."

ஒரே கூச்சல். "சினிமா ஸ்டாருக்கு வண்டி, எங்களுக்குத் தோளா?" என்று ஒருத்தன் கத்தினான். ஞானத்தின் மனைவி வியாகுலம்மாள் எழுந்ததும் கூச்சல் அடங்கியது. ஜார்ஜைப் பார்த்துத்தான் பேசினாள்.

"வண்டி இல்லாம போனதுக்கு நான் அழுவல. தோள்ல போறதும் மரியாதைதான். அச்சு உடைஞ்சிடுச்சின்னு சொன்னியே, எங்க வூட்டுக்காரர் பாரத்துக்கு பயந்தே உடைஞ்சிடுச்சின்னு அவரோட தம்பியே எல்லார்கிட்டயும் சொல்லி சிரிச்சான். அதை நான் கேட்டுகினு கீறேன், இந்நாள் வரைக்கும்."

ஜார்ஜ் எழுந்தார். கொட்டகைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து சேதி இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் வரவில்லை. டோரதி அனுப்பிய தட்டும் திரும்பி வரவில்லை. ரோசி அப்பாவைக் குறை சொல்லவில்லை, ஆனால் லியோனார்டு ரயிலிலிருந்து இறங்கி வருகிற நேரத்துக்கு ஜன்னல் பக்கம் போவதை விட்டுவிட்டாள்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து முதல் ஞாயிறு. அன்றுதான் கல்யாணத்தைக் கோயிலில் அறிவிக்கும் முதல் ஓலை என்று பேசி வைத்திருந்தார்கள். பூசை முடியும் தறுவாயில் சாமியார் காகிதத்தை எடுத்தார். டோரதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு ஒரு ஜோடியின் பெயர் வந்தது. அடுத்ததாக, "ஜார்ஜ் அவர்களின் மகன் லியோனார்டும், வால்டர் அவர்களின் மகள் ரோசியும்" என்று வந்தது. தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்றார் சாமியார். வால்டரின் கண் முன் வரிசையில் இருந்த ஜார்ஜின் முதுகுமேல்தான் இருந்தது. அந்த முதுகு அசையவில்லை.

வெளியே செருப்புப் போடுகிற இடத்தில் ஜார்ஜ் நின்றிருந்தார். முகம் இன்னும் இறுக்கம்தான்.

"வியாகுலம் அக்கா வூட்டுக்குப் போயிட்டு வந்தேன்," என்றார். "ஞானத்தோட தம்பியையும் கூப்பிட்டு வெச்சு சொன்னேன்." செருப்பைத் தேடினார். "ஆடிட்டர் வேலை முடிஞ்சிடுச்சி இல்ல?"

"முடிஞ்சிது. அடுத்த வருசம் வேற ஆளு பாப்பாங்க."

"அப்ப வூட்டுக்கு வா. காபி குடிக்கலாம்."

வால்டர் போனார்.