மூன்று தட்டுக் கேக்கும் நடுங்கும் கெப்பும்

என் மனைவிக்கு முதன்முதலாகக் கிடைத்த கலியாணக் கேக் ஓடர் அது. மூன்று தட்டு. சனிக்கிழமை மூதூரில் கலியாணம். அன்புவழிபுரத்திலுள்ள எங்கள் குசினியிலிருந்து கேக்கைச் சரியாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. இது நல்லபடி போனால் மற்றக் கலியாணங்களும் தன்னைத் தேடி வரும் என்று அவள் நம்பியிருந்தாள். வியாழன் காலை, பின்னால் சாமான் ஏற்றும் தட்டுள்ள எங்கள் பழைய டபுள் கெப் வாகனம் நடுங்கத் தொடங்கியது.

நிற்கும்போது நல்ல பிள்ளை. மெதுவாகப் போனாலும் பிரச்சினையில்லை. நாற்பதில் போய்க்கொண்டு அக்சிலேட்டரை மிதித்தால்தான் குளிர்காய்ச்சல்காரன் போல உதறும். காலை எடுத்தால் நின்றுவிடும். நான் முதலில் செய்த வேலை வானொலியை நிறுத்தியது. ஏனென்று இன்றுவரை எனக்கே தெரியாது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்துப் பார்த்தேன். அப்போதும் உதறியது.

வீட்டுக்கு வந்து, "சில்லிலை ஒரு சின்னப் பிரச்சினை" என்றேன்.

"சின்னதெண்டா ஏன் உங்கடை முகம் இப்பிடி வெளுத்துக் கிடக்கு?" என்றாள் மனைவி.

டயர் கடையில் நாலு சில்லையும் பலன்ஸ் செய்வித்தேன். வெளியே வந்து மிதித்தேன். அதே உதறல். பக்கத்து வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இஞ்சினுக்குக் காது கொடுத்துவிட்டு, "தம்பி, டீசலுக்கை தண்ணி" என்றார். கொஞ்சம் யோசித்து, "இல்லாட்டி இஞ்சின் மவுண்ட்" என்றார். படலை வரை போனவர் திரும்பி நின்று, "இல்லாட்டி..." என்று இழுத்தார்.

"போதும் அண்ணை" என்றேன்.

டீசல் பில்டரை மாற்றினேன். கெப் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

வெள்ளி காலை உட்துறைமுகப் பக்கத்துக் கராஜுக்குப் போனேன். அங்கே எல்லாரும் பாஸ் என்று கூப்பிடும் மெக்கானிக் ஒருவர். மெதுவாகக் கதைப்பார், என்னைப் போன்றவர்களை நிறையப் பார்த்தவர்.

"ஸ்டியரிங் நடுங்குதோ, சீற் நடுங்குதோ?"

"நான் நடுங்குறன், பாஸ்."

"அது தெரியுது. வாகனத்தைச் சொல்லுங்கோ."

எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. முழுநாளும் நடுக்கத்தோடு திரிந்தவனுக்கு அது எங்கேயிருந்து வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவர் என் பக்கத்தில் ஏறி இருந்தார். "மிதியுங்கோ. காலை எடுங்கோ. மிதியுங்கோ" என்று, சின்னப் பிள்ளைக்கு நடை பழக்குவது போலச் சொல்லிக்கொண்டு வந்தார். ஸ்டியரிங் சும்மா இருந்தது. சீற்றுத்தான் ஆடியது.

கராஜுக்குத் திரும்பியதும் கெப்பின் கீழே படுத்து, கியர் பெட்டியிலிருந்து பின் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டைப் பிடித்து ஆட்டினார். டக், டக் என்றது. தண்டிலும் அது பொருந்தும் இடத்திலும் வெள்ளைப் பெயின்றால் கோடு போட்டார். பிறகு கழற்றி, அதன் மூட்டிலிருந்த சிலுவைத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் போலத் துரு கொட்டியது.

"அண்ணை, கடலுக்கை விட்டனீங்களோ?"

"கடலுக்கை ஆர் பாஸ் வாகனம் விடுவினம்?" என்று சிரித்தேன்.

சிரித்து முடிக்குமுன் ஞாபகம் வந்தது. போன மாதம் மனைவியின் தம்பி, கெப்பில் கட்டி இழுத்துக்கொண்டு போன படகைக் கடலில் இறக்கும்போது, "இன்னும் பின்னாலை வாங்கோ அத்தான், இன்னும் வாங்கோ" என்றான். பின் சில்லு பாதி மறையும்வரை போனேன். வீட்டுக்கு வந்ததும் உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவினேன். கதவைக் கழுவினேன், கண்ணாடியைக் கழுவினேன், ஷாம்பு போட்டேன், நம்பர் தட்டைக்கூட மினுக்கினேன். படகு இறக்குகிறவர்கள் எல்லாரும் முதலில் அடியைத்தான் கழுவுவார்கள். நான் ஆட்கள் பார்க்கிற இடத்தைக் கழுவியிருந்தேன்.

சொன்னேன். பாஸ் கெப்பைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"மேலை நல்லா மினுங்குது" என்றார்.

புது மூட்டுப் போட்டு, கோட்டோடு கோடு சேர்த்துப் பூட்டினார். மாறிப் பூட்டினால் அதுவும் உதறுமாம். பின்னேரம் ஓடிப் பார்த்தோம். நாற்பது, ஐம்பது, அறுபது. ஒரு அசைவில்லை.

சனிக்கிழமை கேக்கைப் பின் சீற்றில் வைத்தோம். அதைக் கட்டிப் பிடித்தபடி மனைவி. ஏசி எப்போதோ செத்துப் போயிருந்தது. புறப்பட்டோம். நாற்பது வந்துவிடுமோ என்று, முள் இருபதைத் தொடும்போதே என் கால் தானாக மேலே வந்தது. கிண்ணியாப் பாலத்தில் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்தினார். முந்தும்போது உள்ளே எட்டிப் பார்த்தார், செத்த வீடென்று நினைத்திருப்பார்.

"இஞ்சருங்கோ, கெப்பைத் திருத்தினதுதானே?"

"திருத்தியாச்சு."

"அப்ப மிதியுங்கோவன்!"

"மிதிச்சு நடுங்கினா?"

"அது நடுங்காது. இஞ்சை ஐசிங் உருகுது!"

அதற்குப் பிறகும் நான் நாற்பதைத் தொடவில்லை. பாஸ் திருத்திய விஷயம் மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது.

ஒரு மணி நேரப் பாதைக்கு இரண்டேகால் மணி எடுத்தது. கேக் நிமிர்ந்துதான் நின்றது. ஆனால் அடித்தட்டு ரோசாப்பூக்கள் ஒரு பக்கமாக வழிந்து கிடந்தன. மனைவி குனிந்து பார்த்தாள். பையிலிருந்து கத்தியை எடுத்தாள், வழிந்ததை வழித்தாள், மிச்ச ஐசிங்கால் பூசினாள், அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தாள். பிறகுதான் மூச்சு விட்டாள்.

கேக் வெட்டிக் கொடுத்த பிறகு ஒரு அம்மா அவளிடம் வந்தார்.

"நல்ல ருசி பிள்ளை. என்ரை மகளுக்கு ஆவணியிலை கலியாணம். செய்து, இஞ்சை கொண்டுவந்தும் தருவீங்களோ?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஓம், கொண்டுவாறன்" என்றாள். "அதுக்குள்ளை நான் கெப் ஓடப் பழகியிடுவன்."

திரும்பி வரும்போது அறுபதில் ஓடிக் காட்டினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.