இரண்டு முறை அரைத்த பிரசவப் பொடி

பிரசவப் பொடிக்கான அளவு இன்னும் என் அலைபேசியில் இருக்கிறது. சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், தனியா, விரலி மஞ்சள், கடைசியில் கொஞ்சம் கட்டிப் பெருங்காயம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, எண்ணெய் விடாமல், சிறு தீயில் வறுக்க வேண்டும். என் மகள் பிறந்தபோது, மறந்துவிடுவேனோ என்ற பயத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டது அது. எனக்கு எதையும் முன்கூட்டியே செய்து வைத்துவிட்டால்தான் நிம்மதி. பள்ளியில் படிக்கும்போதும் அப்படித்தான்.

ஒரகடத்திலிருந்து சேரப்பணஞ்சேரி போகும் வழியில், கம்பெனிக்காரர்களுக்கென்றே வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளின் மாடியில் நாங்கள் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தூத்துக்குடிப் பக்கம். பெற்றவர்களை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு, கணவனுக்கு ஒப்பந்த வேலை கிடைத்த இடமென்று இங்கே வந்தவள். எட்டாம் மாதம் தொடங்கிய சமயம், ஒரு மத்தியானம் என் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, எனக்கு மருந்துப் பொடி யாரு இடிச்சுத் தருவா? எங்கம்மா போன எடுக்கவே மாட்டேங்கா."

"நான் அரைச்சுத் தரேன். அதுக்குப் போய் ஏன் கவலப்படற?"

"அரைங்க. ஆனா உங்க வீட்டுக் குழம்பு மாதிரி சப்புன்னு அரைச்சுறாதீங்க."

அந்த வாரமே படப்பை கடைத்தெருவுக்குப் போய், நாட்டு மருந்துக் கடையில் எல்லாம் வாங்கிவந்தேன். மொட்டை மாடியில் காயவைத்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வீட்டுக்காரம்மா மேலே வந்தார். இந்த ஊரிலேயே நிலம் வைத்துப் பயிரிட்ட குடும்பம் அவர்களுடையது.

"இன்னாம்மா, மருந்து சாமானா கீது? யாருக்கு?"

சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"கொயந்த பொறக்கறதுக்கு முன்னாலயே இடிக்கிறியா? பொறந்த சேதி வந்தப்புறம்தான் வாணலிய அடுப்புல வைக்கணும். படிச்ச பொண்ணு, இது கூடவா தெரியாது?"

"அந்த நேரத்துல பாப்பாக்கு ஜுரம் கிரம் வந்துட்டா என்னால முடியாதுங்கம்மா. அவருக்கும் ஓ.டி. போட்டுடறாங்க."

"என்னமோ போ," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று முழுவதும் செய்யலாமா வேண்டாமா என்று மனம் அடித்துக்கொண்டது. மறுநாள் வறுத்தேன். மிக்ஸியில் அரைத்துச் சலித்து, கண்ணாடி பாட்டிலில் நிரப்பி அவளிடம் காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு இரண்டு முறை தும்மினாள். "சப்புன்னு இல்ல," என்று சிரித்தாள். பிரசவம் ஆனதும் குழம்பாகவே வைத்துத் தருகிறேன் என்று சொல்லி பாட்டிலை நானே வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு காலை, குழந்தை அசையவில்லை என்று ஆட்டோ பிடித்துப் போனார்கள். மூன்றாம் நாள் வெறும் கையோடு திரும்பினார்கள். பெண் குழந்தை. கொடி சுற்றியிருந்ததாக டாக்டர் சொன்னார் என்று அவள் கணவன் என் கணவரிடம் சொன்னான்.

அந்தச் சேதி வந்ததும் நான் செய்த முதல் காரியத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. அடுக்களைக்குப் போய் அந்த பாட்டிலை எடுத்தேன். பொடியை ஒரு கவரில் கொட்டி, இறுக முடிச்சுப் போட்டு, குப்பை வண்டியில் கொடுத்துவிட்டேன். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மூடியிலிருந்து வாசனை போகவில்லை. மறுபடி கழுவினேன்.

அவள் வந்த பிறகும் நான் பார்க்கப் போகவில்லை. என் மகள் அந்தக் கதவைத் தட்ட ஓடும்போதெல்லாம் பிடித்து இழுத்துவந்தேன். குழந்தையைப் பார்த்தால் அவளுக்குத் தாங்காது என்று கணவரிடம் சொன்னேன். அது பாதி நிஜம். அந்த வீட்டுத் துக்கம் என் பிள்ளையின் மேல் ஒட்டிக்கொண்டுவிடுமோ என்ற பயமும் இருந்தது. நான்தான் பொடியை அரைத்து அதை வரவழைத்தேனோ என்ற பயம் அதற்கும் கீழே இருந்தது. ஜன்னல் வழியே பார்ப்பேன். அவள் கணவன் ஷிப்ட் முடிந்து வரும்போது கையில் பரோட்டாப் பொட்டலம் இருக்கும். பிள்ளை பெற்ற உடம்புக்குப் பரோட்டா.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அவளே வந்தாள். தளர்ந்த நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தாள். வாடிய மல்லிகை வாசனை அடித்தது. பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைச் சரம் வைத்துக் கட்டியிருந்தது. கட்டிவிட்டது வீட்டுக்காரம்மா. என்னைக் கண்டித்தாரே, அவர் போயிருக்கிறார், நான் போகவில்லை.

அவள் உட்காரவில்லை.

"அக்கா, எனக்குன்னு அரைச்சீங்கள்லா, அது எங்க?"

"அது... ஈரம் பட்டு பூசணம் பிடிச்சுடுச்சும்மா."

வெயில் கொளுத்திக்கொண்டிருந்த மாதம். என் பின்னால் அலமாரியில் பளபளவென்று நின்ற காலி பாட்டிலை அவள் பார்த்தாள். 

"இடுப்பு விட்டுப்போகுதுக்கா. குளிரெடுக்கு. பெத்த உடம்புதான இதுவும்? புள்ள இல்லன்னா யாரும் பத்தியம் போட மாட்டாங்களா?"

அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து சுவரோரம் உட்காரவைத்தேன். கணவரை வண்டியில் படப்பைக்கு அனுப்பினேன். அவர் சாமான்களோடு வந்ததும் சுக்கைத் தட்டி வாணலியில் போட்டேன். காயவைக்க நேரமில்லை, சூட்டிலேயே ஈரம் போகட்டும் என்று வறுத்தேன். திப்பிலி, மிளகு, பிறகு ஓமம். என் மகள் மெதுவாகப் போய் அவள் மடியில் சாய்ந்தாள். இழுக்கக் கை நீண்டது. இழுக்கவில்லை.

ஓமம் பொரிந்ததும் வாசனை படிவழியே கீழே இறங்கியிருக்க வேண்டும். கீழ் வீட்டுக்கு அந்த வாரம்தான் புதிதாகக் குடிவந்த பெண், எங்கள் யாரையும் அறியாதவள், துணி துவைக்கிற இடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"மருந்து வாசன தூக்குதே! யாரு வூட்ல கொயந்த பொறந்துகீது?"

நான் அடுப்பை அணைக்கப் போனேன். அதற்குள் இவள் சொல்லிவிட்டாள்.

"எங்க வீட்லக்கா."

"இன்னா கொயந்த?"

"பொண்ணு."

"மகாலட்சுமியே வந்துட்டாளா! இன்னாமே நீ, ஸ்வீட்டு கண்ல காட்டல?"

இவள் என் மகளின் தலையில் கை வைத்தபடி வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஓமம் கருகிவிடும் போலிருந்ததால் நான் கிளறினேன்.

அன்று வறுத்ததை அரைத்து, பூண்டு நிறையப் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றிக் குழம்பு வைத்தேன். சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். பாதியில் அழுகை வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டாள், நிறுத்தவில்லை. நானும் "அழாதே" என்று சொல்லவில்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.