செஞ்சிக்கு உள்ளே போகாத பஸ்

ஜெயசுதாவுக்கு நாற்பத்தோரு வயது. சென்னை விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிற வேலை. நடக்க முடியாத பயணிகளை விமானத்தின் வாசலிலேயே நாற்காலியில் உட்காரவைத்து, லிப்டில் இறக்கி, பெட்டி எடுத்துக்கொடுத்து, வெளியே அவர்களுடைய காரில் ஏற்றிவிட வேண்டும். அவர்கள் காலை உள்ளே வைத்து, கதவு சாத்துகிற வரைக்கும் அவள் பொறுப்பு. நடுவில் விட்டுவிட்டு வந்தால் சூப்பர்வைசர் விளக்கம் எழுதி வாங்குவார். ஆறு வருடத்தில் அவளிடம் ஒருமுறைகூட எழுதி வாங்கியதில்லை.

ஊர், செஞ்சியை ஒட்டிய சிங்கவரம். வேலை நாட்களில் பொழிச்சலூரில் நான்கு பெண்களோடு ஓர் அறையில் இருப்பாள். கணவன் தங்கராஜ் செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவன். மகள் சுவாதி பன்னிரண்டாவது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. இரவு ஷிப்ட் முடிந்த கையோடு, யூனிபார்மைக்கூட மாற்றாமல் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு ஓடுவாள்.

துபாயிலிருந்து வருகிறவர்கள் நாலு மணி நேரத்தில் வந்து இறங்குகிறார்கள். மீனம்பாக்கத்திலிருந்து செஞ்சிக்குப் போக அவளுக்குச் சில நாள் ஆறு மணி நேரம் ஆகும். திருவண்ணாமலை பஸ் எல்லாம் செஞ்சி வழியாகத்தான் போகிறது. ஆனால் செஞ்சிக்காரர்களை ஏற்றத்தான் ஆள் இல்லை. "திருவண்ணாமலை மட்டும் ஏறு, நடு ஊர்லாம் அப்பறம்" என்று படியிலேயே கையை நீட்டித் தடுப்பார்கள். ஏறினாலும் கடைசி சீட்டு, இல்லையென்றால் நின்றுகொண்டே போக வேண்டும். செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்த்த பிறகு, புனேயிலிருந்து வந்த ஒரு ரிட்டையர்டு டீச்சரம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி அவளைக் கேட்டார், செஞ்சிக்கு பஸ் இருக்கிறதா என்று. 'இருக்குது' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கார் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது.

அந்த வாரம் அவளுடைய விடுமுறை பௌர்ணமியில் விழுந்தது. காலை ஏழரைக்கே கிரிவலக் கூட்டம் அலைமோதியது. மூன்று பஸ்ஸில் கேட்டாள். மூன்றிலும் இடமில்லை என்றார்கள், கண்ணெதிரே காலி சீட் இருந்தது. நாலாவதாக ஒரு தனியார் பஸ் வந்தது. கண்டக்டர் எதுவும் சொல்வதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர். பெயர் அரிகிருஷ்ணன், ஊர் அவலூர்பேட்டை. மூட்டு ஆபரேஷன் முடிந்து முந்தின நாள்தான் தையல் பிரித்திருந்தார்கள். மகனுக்கு லீவு கிடைக்காததால் தனியாக வருகிறார். முன்னால் ஒரு வாக்கரை மடக்கிப் பிடித்திருந்தார்.

"செஞ்சி ஸ்டாண்டுல எறங்குனா அங்கியே அவலூர்பேட்டை வண்டி நிக்கும். ஏறி உக்காந்துட்டா போதும்மா" என்றார்.

இரண்டு பேருக்கும் செஞ்சி என்று அச்சடித்த டிக்கெட் கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர். அப்போது வேறு எதுவும் சொல்லவில்லை.

பதினொன்றரை மணிக்கு, செஞ்சிக்கு முன்னால் புறவழிச்சாலை பிரிகிற இடத்தில் பஸ் நின்றது. நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. தார் காய்ந்து நாறிக்கொண்டிருந்தது.

"செஞ்சிலாம் எறங்கு! வண்டி உள்ள போவாது!"

"இன்னாது?" ஜெயசுதா எழுந்தாள். "ஸ்டாண்டு எங்க இருக்குது, நீ எங்க எறக்குற?"

"இதுவும் செஞ்சிதாம்மா. உள்ள போனா அரை மணி லேட்டாவும். ஆட்டோ வரும், புடிச்சிக்கினு போ."

"இவரு எப்பிடிப் போவாரு? காலப் பாத்தியா?"

கண்டக்டர் பெரியவரின் கையிலிருந்த வாக்கரை வாங்கி, கீழே இறங்கி ரோட்டு ஓரத்தில் வைத்துவிட்டு, "வாங்க பெரியவரே, மெதுவா எறங்குங்க" என்றார். ஏதோ உதவி செய்வதுபோல. அந்தக் குரல்தான் அவளுக்குத் தாங்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, "நீ உக்காரு நைனா, எறங்காத" என்று பெரியவரின் தோளை அழுத்திவிட்டுப் படியிலிருந்து குதித்தாள். வாக்கரைத் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸுக்கு நேர் முன்னால் விரித்து வைத்து, அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். விடாமல் அடித்தார். அவள் அசையவில்லை.

"அங்க ஏரோபிளேன்ல வர்றவங்கள கார் கதவு வரைக்கும் தள்ளிக்கினு போயி விடுறேன்யா நானு! ஒருத்தர நடுவுல வுட்டா என் வேலை போயிடும். நீ தையல் பிரிச்ச ஆள வெயில்ல நடுரோட்டுல எறக்குற. உன்ன யாரு கேக்குறது?"

உள்ளேயிருந்து குரல்கள் வந்தன. கண்டக்டருக்கு ஆதரவாகத்தான் வந்தன. நெற்றி நிறைய திருநீறு பூசிய ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "சாமிக்குப் போற வண்டிய மறிக்கலாமாம்மா? பாவம் இல்லியா?"

"நீங்க அங்க பதினாலு கிலோமீட்டர் நடக்கத்தான போறீங்க? இங்கியே எறங்கி நடங்க. அவரு உக்காந்துனு வரட்டும்!"

தலை உள்ளே போய்விட்டது. நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். பின்னால் லாரிகள் வரிசை கட்டின. கால் மணி நேரம் கழித்து, பைக்கில் ஒரு போலீஸ்காரர் வந்தார். நேராக அவளிடம்தான் வந்தார்.

"ஏம்மா ரோட்ட மறிச்சிக்கினு நிக்குற?"

"என்ன ஏன் சார் கேக்குறீங்க? டிக்கெட் குடுத்தவரக் கேளுங்க." கையில் வியர்வையில் நனைந்துபோயிருந்த டிக்கெட்டை நீட்டினாள்.

அவர் அதைப் படித்தார். பஸ்ஸுக்குள் எட்டிப் பெரியவரைப் பார்த்தார். டிரைவரிடம், "உள்ள போயி எறக்கிட்டுப் போய்யா" என்றார். அவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இத்தனை வருடமாக ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்று அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

ஸ்டாண்டுக்குப் போக ஏழு நிமிடம் ஆனது.

அவலூர்பேட்டை பஸ்ஸில் பெரியவரை ஏற்றி உட்காரவைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கக் கூசினார். "எனக்கோசரம் இம்மாம் ரகளையா? எல்லாரும் பாத்தாங்க. நானு ஆட்டோ புடிச்சிப் போயிருப்பேன்மா" என்றார்.

"எல்லாரும் ஆட்டோ புடிச்சிப் போயிட்டதாலதான் அவன் தெனமும் எறக்கி வுடுறான்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நன்றி எதிர்பார்க்கவில்லை என்றாலும் அந்தப் பேச்சு சுட்டது.

அவள் வீட்டுக்குப் போவதற்குள் வீடியோ செல்போனில் போய்ச் சேர்ந்துவிட்டது. சுவாதி, "ஏம்மா இப்பிடிக் கத்துற? கிளாஸ்ல எல்லாரும் பாத்திருப்பாங்க" என்று அழுதாள். தங்கராஜ் சோற்றைப் போட்டுத் தட்டை அவள் முன்னால் தள்ளினான். "கத்துனது தப்பில்ல. யூனிபார்மோட கத்திக்கினு நின்ன பாரு, அதான் வம்பு" என்றான்.

அவன் சொன்னபடியே ஆனது. மறுநாள் சூப்பர்வைசர் அன்புச்செல்வன் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். ஆறு வருடத்தில் முதல்முறை. 'செஞ்சி என்று டிக்கெட் கொடுத்தார்கள். செஞ்சிக்குப் போகச் சொன்னேன்' என்று இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வருத்தம் தெரிவித்து ஒரு வரி சேர்க்கச் சொன்னார். முடியாது என்றாள். எச்சரிக்கைக் கடிதம் அவளுடைய ஃபைலில் ஏறியது.

அடுத்த திங்கட்கிழமை லீவு போட்டு விழுப்புரம் கலெக்டர் ஆபீஸுக்குப் போனாள். கூட, சென்னையில் வேலை பார்க்கிற செஞ்சிக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். மனுவில் எழுபது கையெழுத்து இருந்தது. ஒன்றரை மாதம் கழித்து, எல்லா பஸ்ஸும் ஊருக்குள் வந்துதான் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. சிலர் வருகிறார்கள். சிலர் ஆள் பார்த்து வருகிறார்கள்.

போன வாரம் கிளாம்பாக்கத்தில் அதே தனியார் பஸ் நின்றிருந்தது. அதே கண்டக்டர். அவளைப் பார்த்ததும் படியிலிருந்து விலகி வழிவிட்டார்.

"ஏறும்மா, ஏறு. முன்னாடி சீட்டுல உக்காரு. ஸ்டாண்டுக்கே போவும்."

ஜெயசுதா படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். "நானு வராத அன்னிக்கு?"

அவர் வேறு பக்கம் திரும்பி விசில் ஊதினார்.