கொங்கன் படையில் நான் எந்தப் பக்கம்?

மலையாள மண்ணிலுள்ள சித்தூரில் கொங்கன்படைத் திருவிழா பார்க்க, மலையாளத் தோழி ஸ்ரீஜா அழைத்தபோது தயங்கினேன். படையெடுத்து வந்த கொங்கு அரசனான கொங்கனை ஊரார் தோற்கடித்த கதையை ஊர்வலமாக நடித்துக் காட்டும் விழா அது. எங்கள் வீட்டிலோ கொங்குத் தமிழ். குடும்பத்தில் முதன்முதலாகப் படித்துத் தலைநிமிர்ந்தவள் நான்; தோற்ற கூட்டம் என்று யாராவது கேலி செய்தால் தாங்க மாட்டேன். ஆனாலும் ஆவல் விடவில்லை, போனேன்.

செண்டை முழங்க, கொங்கன் வேடமிட்டவர் குதிரையில் வந்தார்.

"எடீ, நோக்கு, உன் மாமன் வருது!" என்றாள் ஸ்ரீஜா.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "உட்டுடாதீங்க மாமா!" என்று கத்திவிட்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஓடிவிடலாம் போலிருந்தது.

பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற பெண் சிரித்தாள். "இன்னும் சத்தமா கத்துங்க அம்மிணி. எங்கூட்லயும் இதே பேச்சுத்தானுங்க. ஆனா எங்கூட்டுக்காரரு ஊர்ப் படையில வாளோட வர்றாருங்க."

"அப்ப நீங்க யாரு பக்கமுங்க அக்கா?"

"காலைல அவருகூடச் சண்டைங்க. அதனால இன்னிக்கு கொங்கன் பக்கம்!"

ஸ்ரீஜாதான் முதலில் சிரித்தாள்.

கொங்கன் தோற்றதும் கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். யாருக்காக என்று எவரும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு என்று நானாகத்தான் இத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.