ஏணி சாத்திய மண்வீடுகள்

வெள்ளத்துக்குப் பிறகு குமுதா சேர்ந்த இடம், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பின்சந்தில் இருக்கும் அச்சுக்கடை. டி-சட்டை, கோயில் பேனர், தேர்தல் கொடி, எது வந்தாலும் மெஷ் சட்டத்தைக் கிடத்தி, மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. வேட்பாளர்களின் கோணல் மூக்கைக்கூட நேராக்கிவிடுவாள் என்று கடையில் பேச்சு. இந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு ஆர்டரைக் கெடுத்திருந்தாள். மூன்றாவது கெட்டால் வேலை இல்லை என்று முதலாளி பிரகலாதன் சொல்லியிருந்தார். கத்தாமல் சொன்னார், அதுதான் பயம்.

அடுத்து வந்தது அம்பாங்கில் திறக்கப்போகும் ஓர் உணவகத்துக்கு நாற்பது படம். அமெரிக்காவின் தென்மேற்கில் பழங்குடிகள் கட்டிய மண்வீடுகளாம். கறுப்பு வெள்ளை பிலிமைக் கொடுத்து, தரை முழுக்க மண் கலர் என்று சொல்லிவிட்டுப் பிரகலாதன் வெளியே போனார்.

குமுதா பிலிமை வெளிச்சத்தில் பிடித்தாள். பெட்டிமேல் பெட்டி வைத்த மாதிரி வீடுகள். சுவருக்குச் சுவர் ஏணி. மொட்டைமாடியில் ஆட்கள். கீழே வெறும் பரப்பு. அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கிள்ளானில் அவள் வீட்டுச் சந்தும் வெள்ளத்தன்றைக்கு இப்படித்தான் இருந்தது, ஏணிதான் இல்லை. கணவன் இராமலிங்கம் அவளைத் தோளில் நிற்கவைத்துத் தகரக் கூரைக்கு ஏற்றிவிட்டான். அவனை ஏற்ற இன்னொரு தோள் இல்லை.

ஆகவே மையைப் பார்த்துப் பார்த்துக் கலந்தாள். தே தாரேக் பால்தேநீரில் சாம்பல் கொட்டிய நிறம். மெஷ்ஷில் மையைத் தடுக்கும் பசை தொட்டு நாலு அலைக்கோடும் இழுத்துவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, தண்ணீர் அசைந்தது.

நாற்பதாவது தாளைக் காயவைக்கும் கொடியில் மாட்டும்போது உணவகக்காரி மார்க்கிரட்டோடு பிரகலாதன் உள்ளே வந்தார்.

"என்ன ஆன்டி, தண்ணியா இது?" என்றாள் மார்க்கிரட். " பாலைவனம் லா. அங்க மழையே அபூர்வம்."

"அப்புறம் ஏன் ஏணி?"

"வாசலே கூரையிலதான். மேல ஏறி, உள்ள இறங்குவாங்க."

குமுதா படத்தையே பார்த்தாள். "அப்ப மேல நிக்கிறவங்க எல்லாரும் வீட்டுக்குள்ள போயிருவாங்களா?"

"போயிருவாங்க, ஆன்டி."

"சரிம்மா."

நாளையிலிருந்து வரவேண்டாம் என்று பிரகலாதன் அதே அமைதியோடு சொன்னார். மை காய்ந்தால் மெஷ் அடைத்துக்கொள்ளும். வேலை போனாலும் சட்டத்தைக் கழுவித்தானே வைக்கவேண்டும். குமுதா குழாயைத் திறந்தாள். பழுப்புத் தண்ணீர் ஒழுகித் தரையில் பரவி அவள் செருப்பை நெருங்கியது. முக்காலியில் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டாள். கடைசிச் சொட்டு வடிகிறவரை இறங்கவில்லை.