இடப்பக்கம், ஓரடி பின்னால்

சாசேஜ் ரொட்டிக் கடைக்காரி, "சாஸ் நிறைய வேணுமா, கொஞ்சமா..." என்று இழுக்கும்போதே ஓடெலும் அவளோடு சேர்ந்து "கொஞ்சமா" என்கிறான். அது பதில் அல்ல. அவளுடைய வாக்கியத்தை முடித்து வைக்கிறான்.

"என்னைப் பேசி முடிக்க விடுய்யா."

"விடுய்யா," என்கிறான் ஓடெல். வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள்.

பிழைப்புக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். ஆனால் கிளீவ்லாந்தின் கிழக்குப் பக்கம் யாரைக் கேட்டாலும் "ரெஜியோட ஆளு" என்றுதான் அவனைச் சொல்வார்கள். ரெஜி என் தம்பி. பள்ளி முடித்த கோடையிலிருந்து இருவரும் சேர்ந்து ராப் பாடுகிறார்கள். எழுதுவதும் பாடுவதும் ரெஜி. ஓடெல் அவனுக்கு இடப்பக்கம் ஓரடி பின்னால் நின்று ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் அடித்துச் சொல்வான். கேட்பவர்களுக்கு அது அழுத்தம். ரெஜிக்கு அது மூச்சு. அந்தச் சொல்லை ஓடெல் பிடித்துக்கொள்ளும் நேரத்தில் அவன் அடுத்த வரிக்கான காற்றை இழுத்துக்கொள்வான்.

என் வீட்டு நிலவறையில்தான் ஒத்திகை. ஓடெல் ரெஜியின் வாயைப் பார்க்கமாட்டான், தோள்களைப் பார்ப்பான். பேருந்துச் சட்டையைக் கழற்றாமல், தாளத்துக்கு ஏற்ப முட்டியை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பான்.

"இந்த வரி ரொம்ப நீளம்டா. பாடி முடிச்சா ஆம்புலன்ஸ்தான் வரணும்."

"உனக்கு ஒத்தைச் சொல்லுதானே? அதை ஒழுங்காச் சொல்லு."

"அந்த ஒத்தைச் சொல்லு இல்லேன்னா நீ நாக்குத் தள்ளிக்கிட்டுக் கெடப்ப."

போன குளிர்காலத்தில் ரெஜிக்கு நிமோனியா வந்தது. ஆள் தேறிவிட்டான், நுரையீரல் தேறவில்லை. இது எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும். கோடையில் பூங்கா விழாவுக்கு அழைக்க வந்த, விழாவை நடத்தும் இளைஞன் டீவோன், "பதிவு பண்ணின குரலைப் பின்னாடி ஓட விட்றலாம்ணே. நீங்க வாயசைச்சாப் போதும். இப்ப எல்லாரும் அப்படித்தான்," என்றான்.

"ஊரு முன்னாடி வாயசைக்க நான் என்ன மீனாடா?" என்றான் ரெஜி.

டீவோன் போன பிறகு, ரெஜி ஓடெலைப் பார்க்காமலே சொன்னான்: "அன்னைக்கு ஊரு முன்னாடி மூச்சு முட்டிப் பாதிப் பாட்டுல நின்னுட்டேன்னா, அதோட மைக்கைத் தொடமாட்டேன்." அந்த வாரம் முழுவதும் ஓடெல் ரெஜியின் வரிகளை ஸ்டியரிங்கைத் தட்டியபடி முணுமுணுத்ததாக அவன் பேருந்துப் பிள்ளைகள் சொன்னார்கள்.

விழாவில் முதல் பாட்டு நன்றாகப் போயிற்று. இரண்டாவதின் நடுவில் ரெஜியின் தோள்கள் ஏறின, இறங்கவில்லை. அடுத்த வரி வரவில்லை. அதை ஓடெல் எடுத்தான். கடைசிச் சொல்லை மட்டுமல்ல, முழு வரியையும். ரெஜியைத் தாண்டி முன்னால் வந்து, கையை உயர்த்தி, பறித்துக்கொண்டவனைப் போல இளித்தான். அதற்கடுத்த வரியும் அவனுடையதுதான். ரெஜி அவன் காலரைப் பிடித்து இழுத்தான். விளையாட்டு என்று எண்ணிக் கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தத்துக்குள் காற்று கிடைத்துவிட, மிச்சத்தை ரெஜியே பாடி முடித்தான்.

மேடையை விட்டு இறங்கியதும் ஓடெலைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"வயசான காலத்துல ஹீரோ ஆசையா, ஓடெல்?"

"கூட நிக்கிறவன் வரியைப் புடுங்கித் திங்கிறியே, வெக்கமா இல்ல?"

"எத்தனை வருஷம்டா ஒத்தைச் சொல்லையே சப்பிக்கிட்டிருக்கிறது? எனக்கும் பசிக்கும்ல!" என்றான் ஓடெல். டீவோனுக்கு உண்மையிலேயே கோபம். "ரெஜிண்ணே, இந்தாளைக் கொஞ்சம் அடக்கி வைங்க," என்றான்.

ரெஜி ஏதோ சொல்லப் போனான். ஓடெல் உரக்கச் சிரித்தபடி அவனைத் தள்ளிக்கொண்டு மரநிழலுக்கு வந்தான். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"அடுத்த மேடையிலயும் இப்படித்தான் புடுங்குவியா?" என்றான் ரெஜி, மெல்ல.

"நீ விட்டாப் புடுங்குவேன்."

"முழுசா விடமாட்டேன்டா."

ஓடெலின் வலது உள்ளங்கை அப்போதும் ரெஜியின் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே விரிந்து கிடந்தது. மூச்சோடு அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பழைய ரசிகர் ஒருவர் வந்து குலுக்கக் கை நீட்டினார். ஓடெல் இடது கையைக் கொடுத்தான்.