மணி அடித்தும் நிமிராத தலை

மயிலாப்பூரில் நான் பாடம் நடத்தும் பள்ளியில், மதிய உணவுக்குப் பிறகு ஏழாம் வகுப்பு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். எல்லோரும் மேசைமேல் தலை கவிழ்த்துக் கண்களை மூடி, காதில் விழுவதை மட்டும் கவனிக்க வேண்டும். நான் சின்னப் பித்தளை மணியை அடித்ததும் நிமிர்ந்து, என்ன கேட்டது என்று சொல்ல வேண்டும். ஆட்டோ, குக்கர் விசில், பறக்கும் ரயில் என்று பதில்கள் வரும். பட்டினப்பாக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் தினமும் "காக்கா, மிஸ்" என்பாள். வகுப்பு சிரிக்கும். பாடம் நடத்தும்போது என் முகத்தை விட்டு அவள் பார்வை நகராது. வகுப்பிலேயே கவனமான பிள்ளை என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

அன்று ஆகஸ்ட் இருபத்தொன்பது. தேதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றம் என்று அவளுடைய பக்கத்து இடத்துத் தோழி பள்ளிக்கு வரவில்லை. மணி அடித்தேன். எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன, அவள் தலையைத் தவிர.

"மிஸ், தூங்கினு கீது!"

"ஏய், காக்கா வந்துடுச்சு, எந்திரி!"

அருகில் போனேன். தூங்கவில்லை, அவள் விரல் மேசையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் தலைக்கு மேலேயே மணியை அடித்தேன். விரல் நிற்கவில்லை. தோளைத் தொட்டதும் துள்ளி எழுந்து, சுற்றிலும் பார்த்து, "காக்கா, மிஸ்" என்றாள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் தோழி வந்ததும் இருவரையும் வராந்தாவுக்கு அழைத்தேன். தோழி அவள் மேல்தான் பாய்ந்தாள்.

"ஒரு நாள் நான் வர்ல, மாட்டிக்கினியா லூசு?"

பிறகு என்னிடம் திரும்பினாள். "மணி அடிச்சா நான்தான் இவ காலை மிதிப்பேன் மிஸ். இவங்க அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா வேற ஸ்கூல்ல போட்டுடுவாங்க."

காது கேட்காமல் போனது எப்போதிலிருந்து என்று கேட்டேன். இரண்டாம் வகுப்பில் காய்ச்சல் வந்ததிலிருந்தாம். அன்றிலிருந்து எத்தனை ஆசிரியர்கள், எத்தனை பெற்றோர் கூட்டங்கள்!

சொல்லாமல் விட முடியாது. ஆனால் முதலில் தலைமையாசிரியரைப் பார்த்து, அவள் இதே வகுப்பில், இதே பெஞ்சில்தான் இருப்பாள் என்று உறுதி வாங்கினேன். பிறகுதான் அவள் அம்மாவை வரச் சொன்னேன். மீன் விற்றுவிட்டு நேராக வந்தார்.

"இன்னா டீச்சர் சொல்ற? கூப்டா திரும்பாது. திமிருன்னு முதுகுலயே ரெண்டு வெச்சிருக்கேனே!" என்றவர், தன் உள்ளங்கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசு மருத்துவமனையில் பரிசோதித்து, இரண்டு காதுகளுக்கும் கருவி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவள் வந்தது சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்த முதல் நாள். மதியம் எல்லோரும் தலை கவிழ்த்தார்கள். அவள் மட்டும் உடனே நிமிர்ந்து மேலே பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது.

"மிஸ், இந்த ஃபேன் எப்பவுமே இப்டித்தான் கத்துமா?"

தலையசைத்துவிட்டு மணியை அடித்தேன்.

"ஆ! காலை எடு டீ, எனக்கே கேக்குது!"

"பழக்கம் டீ," என்றாள் தோழி.